மருந்து படாத எள்ளு

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்தவர் சொன்னதைக் கேட்டுக் கையிலிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

“ஜப்பான்காரவுக கேட்டா, ஒங்க மகன் பாம்பு கடிச்சுச் செத்தான்னு சொல்லிருங்க.”

சொன்னவர் ஜப்பானுக்கு எள்ளு அனுப்பும் வியாபாரி. பக்கத்தில், பல நாள் மழிக்காத முகத்தோடு, அவருக்கு எள்ளு விளைவித்துப் போடும் சம்சாரி ஒருவர்.

“எதுக்கு அண்ணாச்சி பொய் சொல்லணும்?”

“மூணு வருசமா ஒங்க ஊருல பூச்சிமருந்தே கெடையாதுன்னு எழுதிக் குடுத்துருக்கேன். அதப் பாக்கத்தான் நாளைக்கு வாராக. பூச்சிமருந்தக் குடிச்சுட்டான்னு தெரிஞ்சா, மருந்து ஊருக்குள்ள எப்படி வந்துச்சும்பாக. பதினோரு வீட்டு எள்ளையும் வேண்டாம்னுருவாக.”

சம்சாரி வெளியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுல மருந்து டப்பா இருக்கப்படாதுன்னீக. நானும் வைக்கல. அவன் காரியாபட்டிக்கு பஸ்ஸேறிப் போயி வாங்கிருக்கான். சட்டைப்பையில டிக்கெட்டு கெடந்துச்சு.”

“ஊருக்குக் கொண்டு வந்தானா?”

“இல்ல. அங்கனயே குடிச்சுட்டான்.”

வியாபாரி பெருமூச்சு விட்டார். அதுவரை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த தோல்பையைக் காலடியில் வைத்தார்.

“இத மொதல்லயே சொல்லக் கூடாதாய்யா? அப்பப் பொய்யே வேண்டாம். உள்ளதையே சொல்லிருவோம்.”

சம்சாரி திரும்பவில்லை.

“அந்த டிக்கெட்டத் தூரப் போட்றாதீக. நாளைக்குக் காட்டணும்.”