முதல் பந்தி

மாலை ஆறு மணிக்குச் சாப்பிட்டு முடித்துவிடுவது உடம்புக்கு நல்லது, ஐயா. நான் சொல்லவில்லை, மருத்துவர்கள் சொல்வது. முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தவள் நான். தினமும் இருநூற்று நாற்பது தட்டு. உப்பில்லாதது தனி, சர்க்கரை சேராதது தனி, கரைத்துக் குடிப்பது தனி. ஆறு மணி அடிக்கும்போது வண்டி வார்டுக்குப் போய்விட வேண்டும், ஒரு நாளும் தவறியதில்லை. வண்டி போன பிறகு பாத்திரம், அடுப்பு, தரை, மறுநாளைக்கான காய். நான் தட்டெடுத்து உட்காரும்போது மணி பத்து. அண்டாவின் அடியில் எது ஒட்டியிருக்கிறதோ அதுதான் எனக்கு.

எங்கிருந்து ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன். உங்களுக்கும் களைப்பாக இருக்கும், கப்பலின் பாதுகாப்பு உங்கள் தலையில். எனக்கும் களைப்புத்தான். சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

அம்மா போனபோது தம்பிக்கு நான்கு வயது, எனக்கு இருபது. அவனுக்கு ஊட்டி, அப்பாவுக்குப் போட்டு, மிச்சத்தை நின்றுகொண்டே தின்று வளர்ந்த வீடு அது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேண்டாம் என்று இல்லை. வரன் வந்த நாட்களிலெல்லாம் அவனுக்குப் பரீட்சையோ காய்ச்சலோ இருந்தது. இந்த வருடம் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அன்று தம்பி வந்து, "அக்கா, வாழ்க்கையில ஒரு தடவையாவது நீ உக்காந்து சாப்பிடணும். ஏழு நாள் கப்பல்ல போறோம். யாரோ சமைப்பாங்க, யாரோ கழுவுவாங்க. நீ சும்மா இருக்கணும்" என்றான். நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சட்டென்று அழுகிறவள் இல்லை நான்.

வந்தது நான்கு பேர். தம்பி, ஐந்து மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி, அவளுடைய அம்மா, நான். அவள் அம்மாவை நான் சம்பந்தியம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கும் எனக்கும் ஒரே அறை. அவரைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். என் போர்வையையும் சேர்த்து மடித்து வைப்பார். நான் தூங்கிவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தடவித் தடவிப் படுப்பார். இழுப்பு உண்டு அவருக்கு. தூக்கத்தில் மூச்சு விசிலடிக்கும். எழுந்து கைப்பையைத் துழாவி அந்த நீல இன்ஹேலரை எடுத்து இரண்டு தடவை உறிஞ்சுவார். பிறகு, "எழுப்பிட்டேனா சம்பந்தி, மன்னிச்சுக்குங்க" என்பார். அவ்வளவு நல்லவர்.

கப்பலில் ராத்திரிச் சாப்பாடு இரண்டு பந்தி. முதல் பந்தி ஆறு மணிக்கு, இரண்டாவது எட்டரைக்கு. பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள். ஏறின அன்று தம்பி ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான்.

"ஆறு மணிக்கு மூணு நாற்காலிதான் கெடச்சுது. ஒருத்தர் மட்டும் எட்டரைக்குப் போகணும்."

"எனக்கு நெஞ்செரிச்சல் அண்ணி, லேட்டா சாப்பிட்டா தூங்கவே முடியாது" என்றாள் அவன் மனைவி.

"நீ சும்மா இரு, உன்ன யாரு போகச் சொன்னது" என்று தம்பி சிரித்தான். "அக்காவுக்கு லேட்டா சாப்பிட்டுதான பழக்கம்."

அந்த வாக்கியத்தில் தப்பு எதுவும் இல்லை. நான் பல தடவை சரிபார்த்துவிட்டேன்.

எட்டரை மணி மேஜையில் எனக்குத் தெரியாத ஐந்து பேர். ஒருவர் தன் சிறுநீரகக் கல்லைப் பற்றிச் சூப்பிலிருந்து பழம் வரைக்கும் பேசினார். ரொட்டி ஆறு மணிக்காரர்களுக்காகச் சுட்டது. சூப்பை இரண்டாம் தடவை சூடு பண்ணினால் மேலே எப்படி ஆடை படியும் என்று எனக்குத் தெரியும், ஐயா. கரண்டியால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் உணவுக்கூட மேலாளரிடம் போனேன். மரியாதையான மனிதர், கழுத்துப்பட்டையில் சுருக்கம் இருக்காது.

"காத்திருப்பு லிஸ்ட்ல பதினேழாவதா இருக்கீங்க மேடம்" என்றார்.

"அந்த மேஜையிலயே இன்னொரு நாற்காலி போட முடியாதா?"

"பரிமாறுற வண்டி போற வழி மேடம் அது. ஒரு நாற்காலிக்கு ஒரு ஆள்தான். யாராவது விலகினா சொல்றேன்."

"விலகறதுன்னா எப்படி?"

"உடம்புக்கு முடியாம ரூம்லயே இருக்கறவங்க, நடுவுல ஏதாவது துறைமுகத்துல எறங்கிக்கறவங்க. வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு நடக்கும்."

அவர் மேல் நான் பழி போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். பதினேழு பதினாறானது. தம்பியிடமும் ஒரு தடவை சொன்னேன். "ஏழே நாள்தானக்கா, அனுசரிச்சுக்கோ" என்றான். அனுசரிப்பது எனக்குப் புதிதா?

மூன்றாம் நாள் ஆறு மணிக்கு வேறு வேலை இல்லாமல் உணவுக்கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றேன். ஜன்னலோரம் அவர்கள் மேஜை. சம்பந்தியம்மா மீனில் முள்ளெடுத்துத் தம்பியின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். அவனுக்கு வயது நாற்பத்தொன்று. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. எதற்கோ சிரித்துக்கொண்டு கை மட்டும் தட்டுக்குப் போய் எடுத்து வாயில் போட்டது. முள் இருக்காது என்ற நம்பிக்கையில் சாப்பிடுகிறவன் அப்படித்தான் சாப்பிடுவான். அந்த நம்பிக்கையை அவனுக்கு உண்டாக்கியவள் நான். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பரிமாறுகிறவர் ஒருவர் வந்து, "எட்டரைக்குத்தான் மேடம்" என்று கதவைச் சாத்தினார்.

நான்காம் நாள் கப்பல் துறைமுகத்தில் நின்றது. தம்பி மனைவிக்குத் தலைசுற்றல், தம்பி அவளோடு இருந்துகொண்டான். சம்பந்தியம்மாவும் நானும் இறங்கினோம். அறைக் கதவிடுக்கில் சொருகியிருந்த அறிவிப்பை அவர் நீட்டி, "கண்ணாடிய மாப்பிள்ள ரூம்ல விட்டுட்டேன், கொஞ்சம் படிங்க" என்றார். படித்தேன். குடை எடுத்துச் செல்லவும். அட்டை இல்லாமல் திரும்ப ஏற முடியாது. ஐந்தரைக்குள் ஏறிவிடவும், கப்பல் ஆறுக்குப் புறப்படும். ஒரு வரியை மட்டும் படிக்கவில்லை. கரையின் கடிகாரம் கப்பல் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும், கப்பல் நேரத்தையே பின்பற்றவும் என்ற வரி அது. கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

ஊருக்குள் கால் மணி நேரம் நடந்தால் ஒரு மணிக்கூண்டு. அதற்குக் கீழே பெஞ்சு. சம்பந்தியம்மாவுக்கு மூச்சு வாங்கியது, உட்கார்ந்தோம். கூண்டில் மணி மூன்றே கால். கப்பலில் அப்போது நாலே கால்.

"எத்தன மணிக்கு ஏறணும்னு சொன்னீங்க?"

"அஞ்சரைக்கு."

அவர் அண்ணாந்து பார்த்தார். "அப்போ ரெண்டு மணி நேரம் இருக்கே" என்று கைக்கடிகாரத்தையும் அதற்குத் தகுந்தாற்போல் திருகி வைத்துக்கொண்டார். நான் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்று வரை நான் அவரிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை.

குழந்தைக்குக் கம்பளிக் காலுறை பார்த்துவிட்டு வருகிறேன், நான் வர நேரமானால் நீங்கள் ஐந்து மணி வாக்கில் மெதுவாக நடந்து வந்துவிடுங்கள் என்றேன். தோள் வலிக்கிறது என்று அவர் சொல்லியிருந்ததால் கைப்பையை நான் வைத்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிக்கொண்டேன். பையில் அவருடைய அட்டை, கைப்பேசி, இன்ஹேலர் எல்லாம் இருந்தன. காலுறை வாங்கினேன், ஐயா. மஞ்சள் நிறம். அறையில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கப்பல் ஏணியில் நனைந்த கூட்டம் முட்டி மோதியது. அட்டையை இயந்திரத்தில் காட்ட வேண்டும். என்னுடையதைக் காட்டினேன், அவருடையதையும் காட்டினேன். காவலாள், "ரெண்டு பேரும் வந்தாச்சா?" என்று கேட்டான். "ஆச்சு" என்றேன். திரையில் எங்கள் படம் வந்திருக்கும். மழையில் அவனுக்கு எல்லாக் கிழவியும் ஒன்றுதான். அவனை வேலையைவிட்டு எடுத்துவிடாதீர்கள்.

தம்பி அறைக்குப் போய், "சம்பந்தியம்மாவுக்குத் தலைவலி, படுத்துட்டாங்க. சாப்பாடு வேணாமாம். அவங்க எடத்துல என்ன உக்காரச் சொன்னாங்க" என்றேன். அவன் மனைவி எழுந்தாள்.

"அம்மாவ ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன் அண்ணி."

"இப்பத்தான் கண்ணசந்தாங்க. எழுப்பாத."

ஆறு மணிக்கு உட்கார்ந்தோம். நாற்காலியை ஒருவர் பின்னாலிருந்து இழுத்துவிட்டார். ரொட்டியைப் பிய்த்தால் ஆவி வந்தது. எனக்கு ஜன்னலைப் பார்த்த இடம், அவர்கள் இருவரும் ஜன்னலுக்கு முதுகு காட்டி இருந்தார்கள். தரை லேசாக அதிர்ந்தது, கப்பல் கரையை விட்டு நகர்ந்தது. அப்போது கூட்டமில்லாத துறைமேடையில் குடையோடு ஒருவர் வந்தார். முதலில் நடந்தார். பிறகு கப்பல் நகர்வதைப் பார்த்திருக்க வேண்டும், குடையைப் போட்டுவிட்டு ஓடினார். அறுபது வயதில் அப்படி ஓட முடியும் என்று நான் நினைக்கவில்லை. கையை ஆட்டினார். அப்புறம் நின்று, இரண்டு கையாலும் தோளையும் இடுப்பையும் தடவித் தடவிப் பார்த்தார். பையைத் தேடினார் என்று நினைக்கிறேன். பிறகு உட்கார்ந்தார், பிறகு படுத்துக்கொண்டார். மழைக்கோட்டுக்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"என்னக்கா பாக்கற?" என்றான் தம்பி.

"கப்பல் கெளம்பிருச்சு" என்றேன். அவன் தட்டில் மீன் இருந்தது. இழுத்து வைத்து முள்ளெடுத்துக் கொடுத்தேன். "விடுக்கா, நானே எடுத்துக்கறேன்" என்றான். ஆனால் சாப்பிட்டான்.

மற்றது உங்களுக்குத் தெரியும். ஏழே காலுக்கு அவன் மனைவி அம்மாவுக்குப் பால் எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தாள். கட்டில் காலி, பை மட்டும் அலமாரியில். கடலில் விழுந்துவிட்டார் என்று நினைத்து நீங்கள் எல்லோரும் தளம் தளமாகத் தேடினீர்கள். தம்பி "அத்தை, அத்தை" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினான். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கலாம். ஆனால் அவரைத் தூக்கிக்கொண்டு போனதை நான்தான் பார்த்துவிட்டேனே, அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன். காலையில் துறைமுகத்திலிருந்து உங்களுக்குச் செய்தி வந்தது. மூச்சடைத்துப் போய்விட்டார் என்றார்கள். பிறகு நீங்கள் இயந்திரத்தைப் பார்த்தீர்கள். இரண்டு அட்டையும் ஒரே கையால் காட்டியது போல இரண்டு நொடி இடைவெளி.

இன்ஹேலர் இல்லாமல் அவரால் முடியாது என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். பையைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேனா என்று கேட்டீர்கள். மறக்கவில்லை. என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள் என்றும் கேட்டீர்கள். நடந்ததுதான் நடக்கும் என்று நினைத்தேன், ஐயா. இதற்குக் கீழே கையெழுத்து வேண்டுமானால் போடுகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பாக்கி வைக்க வேண்டாம். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைத் திருகி முடித்ததும் சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, இன்னிக்கு ராத்திரிலேர்ந்து நீங்க ஆறு மணிக்குப் போங்க. காலையில மேலாளர்கிட்ட சொல்லி பேர மாத்திட்டேன். எனக்கு எட்டரை ஒத்துக்கும். நேத்து நீங்க வெளிய நின்னுட்டு இருந்தத நான் பாத்தேன். மனசு கேக்கல."

நான் நன்றி சொன்னேன். அதன் பிறகுதான் பையைக் கேட்டேன்.

ஏன் என்று நீங்கள் பார்ப்பது புரிகிறது. அவர் கொடுத்து நான் வாங்கினால் அது அவர் போட்ட பிச்சை. தம்பி வாய்க்கு வாய் அத்தை புராணம் பாடுவான், நான் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும். இப்போது அது யாரும் கொடுக்காத இடம். ஒரு ராத்திரிதான் கிடைத்தது, பரவாயில்லை.

தம்பி என்னைப் பார்க்க வர மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். கோபம், இரண்டு நாளில் இறங்கிவிடும். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று என் வாசலில் நிற்கிற காவலாள் சொன்னான். அவனுக்குப் பசி தாங்காது. யாரையாவது விட்டு ஒரு தட்டு வைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசினால் சாப்பிட்டுவிடுவான். முடிந்தால் என்னை ஒரு அரை மணி நேரம் அங்கே அனுப்புங்கள். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?