பாய் வர்ற சீன்

இல்ல தம்பி, அந்த நாற்காலி வேண்டாம், அது ஒரு பக்கமா சாயும். இதுல உக்காருங்க. டைரக்டர் வந்துருவாரு. அந்த ஒரு எபிசோடுக்கு விருது வாங்குனதுலேந்து எங்க போனாலும் லேட்டா போனாத்தான் மரியாதைன்னு அவருக்கு யாரோ சொல்லிட்டாங்க போல. என்ன கேட்டீங்க? ஒரு முஸ்லிமா அந்த எபிசோடைப் பாத்தப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னா? தம்பி, நான் முஸ்லிமா எங்க பாத்தேன், காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டுப் பாத்தேன். அதான் இங்க எனக்கு வேலை.

சிரிப்பு வைக்கிற வேலை. ஆமா, அப்படி ஒரு வேலை இருக்கு, நீங்களே சிரிக்கிறீங்க பாருங்க. நம்ம சீரியல்ல ஒருத்தர் ஜோக் சொன்னதும் கூட்டமா ஒரு சிரிப்பு கேக்குதுல்ல? அங்க கூட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான். எப்பவோ பதிவு பண்ணின சிரிப்பெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்ல கெடக்கு. குபீர்னு ஒண்ணு, மூக்கால ஒண்ணு, சிரிச்சு இருமுறது ஒண்ணு. எந்த இடத்துல எது, எவ்வளவு நேரம்னு நான் பாத்து வைக்கணும். நல்ல ஜோக்குக்குச் சின்னதா வெச்சாப் போதும். ஜோக்கே இல்லாத இடத்துக்குத்தான் பெருசா வேணும். நம்ம சீரியலுக்குப் பெருசு நெறைய செலவாகும்.

அதுல ஒரு பாய் வருவாரு, பாத்திருப்பீங்க. தாடி, தொப்பி, கையில ஒரு அத்தர் பாட்டில். வாயைத் தொறந்தா நம்பள் வர்றான், நிம்பள் போறான்னு ஒரு தமிழ். ஒருநாள் எழுத்தாளர்கிட்ட சொன்னேன், ஐயா, நான் பொறந்ததுலேந்து பேசுறது இந்தத் தமிழ்தான், என் வீட்ல யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை, நாங்க தொழுகைன்னுதான் சொல்லுவோம், நோன்புன்னுதான் சொல்லுவோம், பள்ளிவாசல்னுதான் சொல்லுவோம், உங்க தமிழை விட எங்களுது கொஞ்சம் சுத்தம்னு. அவரு யோசிச்சுட்டு சொன்னாரு, அப்படி எழுதினா அவரு பாய்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும் பாய்?

என்னையும் இங்க பாய்னுதான் கூப்பிடுவாங்க. முதல்நாள் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, நீங்க பாய் மாதிரியே இல்லையேன்னாங்க. தாடி இல்ல, என்ன பண்ண. பாயா நடிக்கிறவருக்கு தினம் பசை போட்டு ஒட்டுவாங்க. பாவம், அவரு ரொம்ப சாது, வேற மதம், மத்தியானம் சாப்பிடும்போது தாடியைக் கழட்டி டிபன் டப்பா மூடி மேல வெச்சுட்டு சாப்பிடுவாரு. நான் பக்கத்துல உக்காந்து சாப்பிடுவேன். பாய் யாருன்னு யாராவது கேட்டா மூடியைத்தான் காட்டணும்.

இதுல எனக்கு இன்னொரு வேலையும் குடுத்தாங்க, சம்பளம் கிடையாது. பாய் வர்ற சீன் எழுதினா என்னைக் கூப்பிட்டு, இது உங்க ஆளுங்களுக்குப் பரவாயில்லையான்னு கேப்பாங்க. உலகத்துல இருக்கற அத்தனை பேருக்கும் சேத்து நான் ஒருத்தன் தலையாட்டணும். என் சொந்தத் தம்பிக்கு நான் வாங்கிட்டுப் போற சட்டை பிடிக்காது, இதுல இத்தனை கோடி பேருக்கு எது பிடிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? பரவாயில்லைன்னா, பாத்தீங்களா பாயே சொல்லிட்டாருன்னுவாங்க. பரவாயிருக்குன்னா, பாய்க்கு எதுக்கெடுத்தாலும் கோவம் வருதுன்னுவாங்க. நான் டீ ஆறுதுன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துருவேன்.

சரி, அந்த எபிசோடுக்கு வர்றேன். உங்களுக்கு அதானே வேணும். கதாநாயகன் வீட்டு மாடி காலியா இருக்கு. பாய் பையோட வந்து கதவைத் தட்டறாரு. வீட்ல இருக்கறவங்க பையைப் பாத்துட்டு ஒவ்வொருத்தரா சோபாவுக்குப் பின்னாடி பதுங்கறாங்க. அதுக்கு ஒரு சிரிப்பு. பாய் பையில கைவிடறாரு, இவங்க காதைப் பொத்திக்கறாங்க. அதுக்கு ஒரு பெரிய சிரிப்பு. அத்தர் பாட்டில் வருது. அதுக்கு ஒண்ணு. அப்பறம், எத்தனை பிள்ளைங்கன்னு கேக்கறதுக்கு, சமையல்கட்டுல என்ன வேகும்னு கேக்கறதுக்குன்னு வரிசையா போகும். கடைசியில வீடு காலி இல்லைன்னு சொல்லிருவாங்க. அவரும் பல்லைக் காட்டிட்டுப் போயிருவாரு.

இதுல உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்றேன். எங்க நடிகருங்க ஒவ்வொரு ஜோக்குக்கும் அப்பறம் கொஞ்சம் நிப்பாங்க. சிரிப்பு வர்றதுக்கு இடம் விடணும்ல, இல்லேன்னா அடுத்த வசனம் சிரிப்புல முங்கிரும். அது அவங்களுக்குப் பழக்கமாயிடுச்சு. அந்த சீன்ல நான் சிரிப்பை எடுத்துட்டேன். அவங்க விட்ட இடம் மட்டும் அப்படியே நின்னுச்சு. இப்ப யோசிச்சுப் பாருங்க. ஒரு மனுஷன் வாசப்படியில பையோட நிக்கறாரு. உள்ள எல்லாரும் ஒளிஞ்சுக்கறாங்க. யாரும் பேசலை. அவரு இளிச்சுக்கிட்டே நிக்கறாரு, நிக்கறாரு, நின்னுக்கிட்டே இருக்காரு. அப்பறம் மெதுவா, வீடு வாடகைக்குன்னு போர்டு பாத்தான், அதான் வந்தான், அப்படிங்கறாரு. திரும்பவும் சத்தமே இல்லை.

ஆமா, நான்தான் எடுத்தேன். டைரக்டர் பேட்டியில சொன்னதெல்லாம் நானும் படிச்சேன். மௌனத்தின் வலியாம். பல வாரம் யோசிச்சு எடுத்த முடிவாம். தினம் வர்ற சீரியல் தம்பி, நான் முடிச்சு அனுப்பினா நேரா வீட்டு டிவிக்குத்தான் போகும், நடுவுல யாரும் போட்டுப் பாக்கக்கூட மாட்டாங்க. அவரும் அதை ஊரோட சேந்துதான் பாத்தாரு. பாத்துட்டு எனக்குப் போன் பண்ணி என்னென்ன சொன்னாருன்னு உங்க பத்திரிகையில போட முடியாது. நாளையிலேந்து வராதேன்னுட்டாரு. காலையில பாத்தா உலகமே அழுது முடிச்சிருக்கு. அந்த சீனை ஆளாளுக்கு அனுப்பிக்கிட்டு, ஒரு சமூகத்தோட காயம், அது இதுன்னு எழுதறாங்க. உடனே அவரு போன் பண்ணி, பாய் எங்க இருக்கீங்க, நம்ம மௌனம் எப்படிப் பேசுது பாத்தீங்களாங்கறாரு. ராத்திரியோட ராத்திரியா அது நம்ம மௌனமாயிடுச்சு.

நீங்க வர்றதுக்கு முன்னாடி போன்ல பாடம் நடத்திட்டுத்தான் கிளம்பியிருக்காரு. பத்திரிகைக்காரர் வருவாரு, ரெண்டு பேரும் உக்காந்து பேசி எடுத்த முடிவுன்னு சொல்லுங்க, நீங்க சொன்னா அதுக்கு ஒரு கனம் இருக்கும்னு. சொல்லலைன்னா புது சீரியல்ல எனக்கு இடம் இல்லை. அதை அவரு வாயால சொல்லலை. உங்க பிள்ளைங்க படிப்பெல்லாம் எப்படிப் போகுதுன்னு கேட்டாரு. புரிஞ்சுது.

புது சீரியல் தெரியும்ல? பாய்தான் கதாநாயகன். அதே நடிகர், அதே தாடி, பாட்டில் மட்டும் கிடையாது. எபிசோடுக்கு ரெண்டு தடவை அழுவாரு. வயலின் வரும். இத்தனை வருஷம் சிரிக்கறதுக்கு ஒரு பாய், இனிமே அழறதுக்கு ஒரு பாய். நடுவுல ஒருநாள் ஒரு பாய் சும்மா கடைக்குப் போய் பல்பு வாங்கிட்டு வர்றதைக் காட்டக் கூடாதான்னு கேட்டேன். கதை நகராதுன்னுட்டாங்க. சரி, அவரு பொண்டாட்டியாவது ஒரு ஜோக் சொல்லட்டுமேன்னேன். மயானத்துல விசிலடிச்சவனைப் பாக்கற மாதிரி பாத்தாங்க. பாய் வீட்ல ஜோக்கா, கனம் போயிரும் பாய்னாரு எழுத்தாளர்.

இவங்க எங்க வீட்டுக்கு வந்ததில்லை. எங்கத்தா, எங்க அப்பாவைத்தான் சொல்றேன், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போனா சொந்தச் செருப்போட திரும்பினதே கிடையாது. கூட்டத்துல எதையோ மாட்டிக்கிட்டு வந்துருவாரு. எங்கம்மா வாசல்ல நின்னு பாத்துட்டு, வாங்க, இன்னிக்கு யாரோட காலைப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்கன்னு கேப்பாங்க. அவரு கோவமா தொழுகையைப் பத்தி ஏதோ சொல்லுவாரு. தொழுகை உங்களோடது சரி, செருப்பு யாரோடதும்பாங்க. அந்தம்மா வாய்க்கு நாங்க யாரும் தப்பிச்சதில்லை. தாடியும் இல்லாம, தொப்பியும் இல்லாம, அத்தரும் இல்லாம பாய் வீட்ல அப்படி ஒரு சிரிப்பு. நானே கடன் வாங்கிக் காசு போடறேன், அதை எடுங்கன்னு சொன்னாலும் எடுக்க மாட்டாங்க.

ஏன் எடுத்தீங்கன்னு திரும்பத் திரும்ப கேக்கறீங்க. எதிர்ப்பான்னா எதிர்ப்பு இல்லை. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது, இத்தனை வருஷம் பாய் வர்ற ஒவ்வொரு சீனுக்கும் சிரிப்பு வெச்சவன் நான்தானே. கலையும் இல்லை. இதுல ஒரேயொரு சிரிப்பைத்தான் எடுக்கணும்னு உக்காந்தேன். அது ஒரு பொம்பளை சிரிப்பு. எங்க சரக்குலயே அதான் ஒசத்தி, வயித்துலேந்து உருண்டு வரும், கேட்டா கல்லும் சிரிக்கும். பெரிய சிரிப்பு எதை வெச்சாலும் மேல அதைத்தான் தூவுவோம். அதை எடுத்துட்டுக் கேட்டா, மிச்சமெல்லாம் தகரத்தைத் தட்டுற மாதிரி இருந்துச்சு. அதையும் எடுத்தேன். எடுத்துக்கிட்டே போயி கடைசியில ஒண்ணுமே இல்லை. நேரமாயிடுச்சு, அப்படியே அனுப்பிட்டேன்.

யாரா? எங்கம்மாதான். இங்க சிரிப்பு பதிவு பண்ணின அன்னிக்கு வீட்டுச் சாவியைக் குடுக்க வந்தாங்க. கூலிக்கு ஆளுங்களை உக்கார வெச்சு, ஒருத்தர் முன்னாடி நின்னு கையை ஆட்டுவாரு, எல்லாரும் சிரிப்பாங்க. கையை எறக்கினா நிறுத்திருவாங்க. எதுக்குன்னே தெரியாம இத்தனை பேரு ஒரு கையைப் பாத்து சிரிக்கறதைப் பாத்ததும் அந்தம்மாவுக்குத் தாங்கலை. கடைசி வரிசையில உக்காந்து, கையை எறக்கின அப்பறமும் கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க. நான் மைக்கை அந்தப் பக்கம் திருப்பினேன். நல்ல சிரிப்புல்ல, விட மனசு வரலை.

எழுதலாமான்னா கேக்கறீங்க? எழுதுங்க. வேலை போனா போகுது. வாசல்ல கார் சத்தம் கேக்குது, அவருதான். அவரு சொல்றதையும் எழுதிக்கங்க, மௌனம்னு.

அம்மா நம்ம சீரியலைப் பாக்கவே மாட்டாங்க, அந்த நேரத்துல தூங்கிருவாங்க. நான் அந்தச் சிரிப்பை எடுத்ததுக்கு முந்தின நாள் என்னமோ தூக்கம் வரலைன்னு என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. பாய் வந்தாரு, நம்பள் நிம்பள்னாரு, கூட்டம் சிரிச்சுது. அம்மா சிரிக்கலை. தலையைச் சாய்ச்சுக் கொஞ்ச நேரம் கேட்டாங்க. கோவமெல்லாம் இல்லை, சாவியை எங்க வெச்சேன்னு கேக்கற மாதிரிதான் கேட்டாங்க. ஏம்பா, நான் எப்ப இந்த மனுஷனைப் பாத்து சிரிச்சேன்?