ஓடும்போது சொருகிய கார்டு

அண்ணி: ...இல்ல, இரு. அதே மாதிரி ஸ்கேன் கார்டு, மெஷினை ஓட்டற அதே கெர்னல் புரோகிராம். உன் மேசையில ஓடுது. என் மேசையில படம் கந்தலாகுது. எப்படிப்பா?

கொழுந்தன்: அதான் எனக்கும் மண்டை காயுது அண்ணி.

அண்ணி: ஆபீஸ்ல அண்ணி வேண்டாம்னு சொன்னேன்ல?

கொழுந்தன்: சரிங்க மேடம் அண்ணி.

அண்ணி: கிண்டல் வேற! இங்க பாரு. ஆஸ்பத்திரில ஸ்கேன் மெஷினை நிறுத்தவே மாட்டாங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போதே பழைய கார்டைப் பிடுங்கிட்டுப் புதுசைச் சொருகுவாங்க. மெமரில எந்த இடத்துல எழுதலாம்னு அதுக்கு யாரு சொல்றது?

கொழுந்தன்: ஆன் பண்ணும்போதே உள்ள இருந்தா கெர்னல் சொல்லிடும். நடுவுல வந்தா யாரும் சொல்றதில்ல. அதுக்குத்தானே நான் எழுதினேன்... சொருகின ஸ்லாட்டுக்கு எந்த இடம் அனுமதியோ, அதையே கார்டுக்கும் கொடுன்னு.

அண்ணி: கொடுக்கலைன்னா?

கொழுந்தன்: கண்ட இடத்துல எழுதும். ஒருத்தர் படத்துக்குள்ள இன்னொருத்தர் படம் வந்து விழும்... ஏன், முகம் ஒரு மாதிரி ஆகுது?

அண்ணி: ஒண்ணுமில்ல. சோதிச்சுப் பார்த்தியா?

கொழுந்தன்: நூறு தடவை!

அண்ணி: கழட்டிச் சொருகியா?

கொழுந்தன்: ஒவ்வொரு தடவையும் கெர்னலை மாத்தி, ரீஸ்டார்ட் பண்ணி... படம் பளிச்சுன்னு...

அண்ணி: கேட்டதுக்குப் பதில் சொல்லு. கார்டை வெளிய எடுத்தியா?

கொழுந்தன்: அது... படம்தான் நல்லா வந்துச்சே.

அண்ணி: அது மேல இவ்வளவு தூசி இருக்கே.

கொழுந்தன்: ஸ்லாட்டுல ஒரு கொக்கியை ஏற்கெனவே உடைச்சிட்டேன். இன்னொண்ணும் போச்சுன்னா திட்டுவீங்கன்னு... உள்ளயே விட்டுட்டேன்.

அண்ணி: அப்போ ஆன் ஆகும்போதெல்லாம் கார்டு உள்ளதான் இருந்திருக்கு. நீ எழுதினது ஒரு தடவைகூட ஓடலை!

கொழுந்தன்: ஐயோ... ஆமா. அதை நான் யோசிக்கவே இல்ல. சரி, பதறாதீங்க. வெள்ளிக்கிழமைதானே ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம்? அதுக்குள்ள சரி பண்ணிடறேன். முதல்ல உங்க மேசையில இருக்கிற கார்டைக் கொடுங்க.

அண்ணி: என் மேசையில ஏதுப்பா கார்டு? உன் பேச்சை நம்பி, நான் சோதிக்காமலே நேத்தே அனுப்பிட்டேன். ஆஸ்பத்திரில காலையில இருந்து படம் எடுத்துக்கிட்டு இருக்காங்க... கந்தலாகுறது அங்கதான், என் மேசைன்னு உன்கிட்ட பொய் சொன்னேன். டாக்டர் லைன்ல காத்திருக்காரு. எந்தப் படத்தை நம்பறதுன்னு கேக்கறாரு.