தலைப்பாகாத வரி

கம்ப்யூட்டரில், வேர்டு ஃபைலில் ஒரு வரியைப் பெரிதாக்கித் தடிமனாக்கிவிட்டால் அது தலைப்பாகிவிடாது. நிறையப் பேருக்கு இது தெரியாது, மேடம். உங்கள் ஸ்டேஷனில் அடிக்கிற அறிக்கைகளும் அப்படித்தான் இருக்கும். கண்ணுக்குத் தலைப்பு மாதிரி தெரியும். கம்ப்யூட்டருக்கு அது சாதாரண வரிதான். ஹெடிங் என்று தேர்ந்தெடுத்து ஒரு சொடுக்குச் சொடுக்கினால்தான் தலைப்பு. அரை நொடி வேலை.

வேங்கிக்காலில் எங்களுடையது சின்ன அலுவலகம். பழைய கட்டடங்களைப் பார்த்து, உறுதியாக இருக்கின்றனவா என்று அறிக்கை தருவோம். முதலாளி பிரசாத் சாருக்கு நாற்பது பக்கம் படிக்கப் பொறுமை கிடையாது. அதனால் நான் ஒரு மென்பொருள் எழுதினேன். அறிக்கையைக் கொடுத்தால் தலைப்புகளை மட்டும் உருவி ஒரே பக்கத்தில் வரிசையாகத் தரும். சார் எந்த ஊரில் இருந்தாலும் போனில் அந்த ஒரு பக்கத்தைப் பார்ப்பார். அவசரமாக ஏதாவது இருந்தால் கட்டடக்காரருக்கு உடனே கடிதம் போகும். நான்கு வருடத்தில் அது ஒரு முறைகூடத் தப்பு செய்ததில்லை. எழுதிக் கொடுத்தவர்கள்தான் செய்தார்கள்.

கட்டடங்களைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுகிற எங்கள் ஜுபைர் சார் நல்ல மனிதர். அதைச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருட அனுபவம்; சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே கம்பி துருப்பிடித்திருப்பதைச் சொல்லிவிடுவார். ஆனால் முக்கியமான வரியைச் சிவப்பாக்குவார், பெரிதாக்குவார், அடிக்கோடு போடுவார். ஹெடிங் மட்டும் வைக்க மாட்டார். பதினோரு முறை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். "அந்த மிஷினுக்குக் கண்ணு கம்மினா நான் என்னம்மா பண்றது" என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஒவ்வொரு முறையும் நானே திருத்தினேன். போன வருடக் கூட்டத்தில் பிரசாத் சார், ரிப்போர்ட் என்றால் ஜுபைர் கொடுப்பது மாதிரி இருக்க வேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நானும் கை தட்டினேன்.

அடி அண்ணாமலையில் காசி என்பவருக்கு ஒரு சத்திரம் இருக்கிறது. கிரிவலம் வருகிறவர்கள் தங்குவார்கள். பின்பக்கம் நான்கு தூண்மேல் தண்ணீர்த் தொட்டி. அதன் நிழலில் சாப்பாட்டுக் கொட்டகை. செவ்வாய்க்கிழமை ஜுபைர் சாரின் அறிக்கை வந்தது. இருபத்தாறாம் பக்கத்தில் சிவப்பில் ஒரு வரி: 'தொட்டித் தூண்கள் எந்த நேரமும் விழலாம். பௌர்ணமிக்கு முன் கொட்டகையை மூட வேண்டும்.' பௌர்ணமி வெள்ளிக்கிழமை. வரியைப் படித்தேன். புரிந்தது. ஹெடிங் வைக்கவில்லை என்று திருப்பி அனுப்பினேன்.

புதன்கிழமை சரியாக வந்தது. மென்பொருளில் போட்டேன், அந்த வரி பட்டியலில் வந்து நின்றது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போன் செய்து, யார் சார் வைத்தது என்று கேட்டேன்.

"கோபிகிட்ட குடுத்தேம்மா. ரெண்டு நிமிஷத்துல வச்சுக் குடுத்துட்டான். இதுக்குப் போயா இத்தினி நாளு என்னை வறுத்து எடுத்தே?"

கோபி எங்கள் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். ஆக, ஜுபைர் சார் கற்றுக்கொள்ளவில்லை. இப்படியே விட்டால் கடைசிவரை கற்றுக்கொள்ளப் போவதும் இல்லை. அந்த வரியைத் தேர்ந்தெடுத்து மறுபடி சாதாரண வரியாக்கினேன். புதுப் பட்டியலில் ஆறு தலைப்புகள் வந்தன: கட்டட விவரம், அடித்தளம், சுவர்கள், கூரை, தண்ணீர் வசதி, முடிவுரை. சென்னையிலிருந்த பிரசாத் சாருக்கு அதை அனுப்பினேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை ஜுபைர் சார் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"சார் பாத்துட்டாராம்மா?"

"பாத்துட்டாரு சார்."

"அப்ப லெட்டர் போயிடும்."

நான் பொய் சொல்லவில்லை. பட்டியலைப் பிரசாத் சார் பார்த்தார். லெட்டர் போகும் என்று சொன்னது ஜுபைர் சார்தான். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்த வரியை எல்லாருக்கும் காட்டி, ஹெடிங் வைக்காவிட்டால் எது விட்டுப்போகிறது பாருங்கள் என்று சொல்வதாக இருந்தேன். அதற்குள் தூண் விழும் என்று யார் நினைப்பார்கள்? அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை, கொட்டகையை மூடியிருக்கிறார்களா என்று பார்க்க ஜுபைர் சார் போயிருக்கிறார். உலை கொதித்துக்கொண்டிருந்தது, வரிசையில் அறுபது பேர். உங்கள் ஆபீசிலிருந்து ஒரு கடுதாசியும் வரவில்லையே என்று காசி கேட்டாராம். ஜுபைர் சார் எனக்கு மூன்று முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை, வேலையில் இருந்தேன். பிறகு அவரே ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாராம். கீழ்பென்னாத்தூர் ராணியம்மாள் மட்டும் இலையில் உட்கார்ந்துவிட்டார். முட்டி வலி, சட்டென்று எழ முடியவில்லை. அவரைத் தூக்கிவிட ஜுபைர் சார் குனிந்தபோது தொட்டி இறங்கியது. இருவரும் அங்கேயே முடிந்துபோனார்கள்.

அறிக்கையைச் சனிக்கிழமை காலை யாரோ திறந்து மாற்றியிருக்கிறார்களே, யார் என்று கேட்டீர்கள். நான்தான். புதன்கிழமை நான் எடுத்த ஹெடிங்கைத் திரும்ப வைத்தேன். தடயத்தை மறைக்க என்று எழுதிக்கொள்ளாதீர்கள், மேடம். மனிதர் கடைசியாக எழுதிய அறிக்கை. அதில் ஒரு பிழை இருந்தால் அவருக்குத்தானே கெட்ட பெயர்.