பூஜ்ஜியத்தைத் தரையில் இறக்கியவர்கள் முன்னிலையில்

கணக்கைச் சரியாகப் போட்ட ஒருத்தியை, கணக்குத் தெரியாதவள் என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நடந்த அநியாயம் இதுதான். இதைச் சொல்லிவிட்டுத்தான் வணக்கமே சொல்வது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்தேன்.

இப்போது வணக்கம்! விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாரியத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் நிலையக் கண்காணிப்பாளர் அவர்களே! ஊரார் கழித்த நீரை வாங்கி, உலகுக்குத் தெளிநீராய்த் திருப்பித் தரும் என் தொழில் தோழர்களே! பெரியோர்களே, தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் ஏரியில் மீன்பிடிக்கும் தம்பிகளே!

கழிவுநீர் நிலைய ஊழியர்களுக்குக் கணக்கு வகுப்பு! தொடங்கிவைக்க யாரை அழைத்திருக்கிறீர்கள்? பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனை, தொட்டிகளுக்கு நடுவே தானாகக் கணக்குக் கற்று ஓய்வு பெற்றவனை! நன்றி. இந்த வகுப்பு ஏன் வந்தது தெரியுமா? நம் நிலையம் அழகானதால் வந்தது.

ஆமாம், அழகு! தலைவர் பார்வையிட வருகிறார் என்றதும் கைப்பிடிக்கு மஞ்சள், குழாய்க்கு நீலம், கதவுக்குப் பச்சை. அசையாமல் நின்ற எல்லாவற்றுக்கும் வண்ணம். கடைசியில் வாய்க்காலுக்கு வந்தார்கள்.

தாய்மார்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். நீர் ஏரிக்கு வெளியேறும் வாய்க்காலின் குறுக்கே ஓர் இரும்புத் தகடு. அதில் முக்கோணமாய் ஒரு வெட்டு. அந்த வெட்டின் அடிமுனை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும். முனைக்கு மேல் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அதை வைத்து ஓடும் நீரைக் கணக்கிடலாம். ஓடும் நீருக்கு ஏற்ப, கிருமி கொல்லும் குளோரின் விடலாம். பக்கச் சுவரில் அளவுகோல். அதன் பூஜ்ஜியம் முனைக்கு நேராக, தரைக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

வண்ணக்காரத் தம்பி கண்காணிப்பாளரிடம் கேட்டிருக்கிறார்: "சார், பூஜ்ஜியம் பாதிச் சுவத்துல இருக்கே, அப்படியே எழுதிடவா?"

"அந்தரத்துல தொங்குது பாரு, அசிங்கமா! தரையிலேருந்து ஆரம்பிச்சு அழகா எழுதுப்பா."

எழுதினார். அழகாகவே எழுதினார்! மறுநாள் காலை, முனைக்கு மேல் ஒரு சாண் நின்ற நீரை அளவுகோல் இரண்டு சாண் என்று காட்டியது. இரண்டு சாண் என்றால் நீர் இரண்டு மடங்கா? இல்லை ஐயா! முக்கோண வெட்டு மேலே போகப்போக விரியும். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்கைத் தாண்டும்.

அங்கே குளோரின் வால்வைக் கவனித்துவந்த என் மருமகள் கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னாள். "சார், ஒரு சொட்டு மழை இல்ல. இது வெள்ளம் வந்த மாதிரி காட்டுது. இதை நம்பி குளோரின் விட்டா ஏரியில ஒரு மீன் மிஞ்சாது."

"புதுசா எழுதினதும்மா அது. அளவுகோல் சொல்றதைச் செய். பெரியவங்க வர்ற நேரத்துல வம்பு பண்ணாதே."

"அப்ப நீங்களே வந்து வால்வைத் திறங்க சார்."

"வால்வு திறக்கச் சம்பளம் வாங்குறது நீயா, நானா?"

திறந்தாள். மீன்கள் மிதந்தன. இதோ, சுவரோரம் நிற்கும் இந்தத் தம்பிகள்தாம் கூடையோடு கொண்டுவந்து கண்காணிப்பாளர் மேசைமேல் கொட்டினார்கள். மீன்கள் கணக்குப் படித்ததில்லை. ஆனாலும் விடையைச் சொல்லிவிட்டன. அதிகாரிகளுக்கு வேறு விடை கிடைத்தது: "ஊழியருக்குக் கணக்கறிவு போதாது." அவளை நீக்கிவிட்டு, மற்றவர்களுக்கு இந்த வகுப்பை வைத்தார்கள்.

என்ன தம்பி அங்கே? "உங்க மருமகதானே, பெருசு?" என்கிறாயா? என் மருமகள்தான்! யார் வீட்டு மகளாய் இருந்தால் பூஜ்ஜியம் இடத்துக்குத் திரும்பும், சொல். அங்கேயே போய்ப் பெண் கேட்டு என் மகனுக்குக் கட்டிவைத்திருப்பேன்!

'சுருக்கமாக முடிக்கவும்' என்று சீட்டு வருகிறது. அளவுகோலை நீட்டியவர்கள் பேச்சைச் சுருக்கச் சொல்கிறார்கள்!

இன்னும் ஒன்று கேளுங்கள். அந்த அளவுகோல் இன்றும் அப்படியே இருக்கிறது. மாற்றி எழுதினால் வண்ணம் கெட்டுவிடுமாம். அவளுடைய இடத்துக்கு வந்தவர் என்ன செய்கிறார்? அதைப் பார்ப்பதே இல்லை. கைப்பழக்கத்தில் வால்வைத் திருகுகிறார், மீன்கள் பிழைத்திருக்கின்றன. பார்க்காதவருக்குப் பாராட்டு! பார்த்தவளுக்கு, பார்த்ததைச் சொன்னவளுக்கு, வேலை நீக்கம்! தவறியது அவள் போட்ட கணக்கா? தரையில் நீங்கள் போட்ட பூஜ்ஜியமா?

ஆகவே, வண்ணக்காரத் தம்பி தூரிகையோடு போய், முனைக்கு நேராகப் பூஜ்ஜியத்தை எழுத வேண்டும்; அசிங்கமாகவே தொங்கட்டும். தலைவர் அந்த நீக்க உத்தரவை இந்த மேடையிலேயே ரத்து செய்ய வேண்டும். வாயிலில் காவலர் உள்ளே விடாமல் நிறுத்தி வைத்திருக்கும் என் மருமகளைக் கண்காணிப்பாளர் தாமே நடந்துபோய் அழைத்துவர வேண்டும். வகுப்பின் முதல் பாடத்துக்கு முதல் பெஞ்சில் அவரே உட்கார வேண்டும். அதுவரை தோழர்கள் ஒருவரும் வகுப்பறைக்குள் நுழையக் கூடாது.

காது கொடுத்தவர்களுக்கு நன்றி, கேளாததுபோல் இருந்தவர்களுக்கும் வணக்கம். வகுப்பறை நாடாவை அவள்தான் வெட்டுவாள். கத்தரிக்கோலைத் தேட வேண்டாம், அது என் சட்டைப்பையில் இருக்கிறது.