புட்டிக்குள் போன கட்டி

இதில் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை என்று அவினாசியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாயிற்று. முப்பத்தாறாம் வருஷம், தை மாதம். கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆபீஸ் அறை. மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கும் மச்சான் நஞ்சுண்டனிடம் மூன்று வருஷப் பகையைத் தீர்த்துக்கொள்ள ஆறுச்சாமிக்குக் கிடைத்தது டெலிபோனில் மூன்று நிமிஷ டிரங்க் கால்.

"அலோ... அலோ! பாக்கு மண்டிங்களா?... மச்சானுங்களா! நான்தானுங்க, ஆறுச்சாமி... ஆமாங்க, ஆமாங்க, உசுரோடதான் இருக்கறனுங்க. ஏன், உங்குளுக்குச் சங்கடமுங்களா?...

"கையில இருந்த கட்டியா? எடுத்துப்போட்டாங்க! முந்தாநேத்து... இல்லீங்க, குஷ்டமில்லீங்க! நரம்பு மேல மொளைச்ச சாதுக் கட்டி, ஒருத்தருக்கும் தொத்தாதுன்னு டாக்டரே சொல்லிப்போட்டாரு... குறுக்க பேசாதீங்க, கேளுங்க. மேல தொட்டா சுண்டுவெரல் வரைக்கும் சுரீர்னு ஓடுமல்லங்க? கத்தி பட்டதும் ஆஸ்பத்திரி வெளக்கெல்லாம் மூணு தடவை மின்னுச்சு... ஆமாங்க, ஊருக்கே வெளக்கெரிக்கற பைக்காரா அருவிக் கரண்டே தோத்துது! நரம்புல ஒரு நூலு அறாம, பட்டாணி உரிக்கறாப்பல உருட்டி எடுத்தாரு. எளநி அளவுங்க... சரி, எலுமிச்சங்காய்னு வெச்சுக்குங்க. புட்டியில போட்டு வெச்சிருக்கறேன்...

"எதுக்கா? எம்மவ பாப்பாயி நிச்சயத்துல, சபை நடுவுல, நான் குடுத்த வெத்தலை பாக்கை வாங்காம 'குஷ்டக்கை'ன்னு சொல்லி எந்திரிச்சுப் போனீங்களே? மாப்பிள்ளை ஊட்டாரும் பின்னாலயே போனாங்களே? அன்னையிலிருந்து ஒருத்தரு இந்தக் கையில வெத்தலை வாங்கலீங்க மச்சா. அதுக்குத்தான்!

"மாசியில மறுக்கா நிச்சயமுங்க. சோமனூர் மாப்பிள்ளை. மொத வெத்தலை உங்குளுக்கு. ரெண்டு கையும் ஏந்தி வாங்கோணும். வாங்கலீன்னா புட்டியைத் தெறந்து உங்க எலையில கவுத்துப்போடுவேன்... ஆமாங்க, ஆமாங்க, பாயசத்துக்குப் பக்கத்துல!

"என்னங்க?... சத்தமாப் பேசுங்க... உங்குளுக்குமா? எங்கீங்க?... கழுத்துலயா! தொட்டா தோள் வரைக்கும் சுரீர்ங்குதுங்களா?... அடடா... டாக்டரு பேருங்களா? நல்லாத் தெரியுமுங்க. சொல்ல மாட்டனுங்க! கழுத்துத் துண்டை எடுத்துப்போட்டு, சபையில வந்து வெத்தலையை வாங்குங்க, பொறவு பாக்கலாம்... அழுவாதீங்க மச்சா, மண்டி ஆளுக பாப்பாங்க... அலோ? அலோ!"

மூன்று நிமிஷம் முடிந்து லைன் அறுந்தது. கட்டி இன்னும் கையில்தான் இருந்தது. ஆபரேஷன் அடுத்த செவ்வாய்க்கிழமை.