வெடி வைக்காம ஒடைக்கணும்

யானையாம் சார், யானை! லைசனுக்கு மொதல்ல எழுதி வாங்குன திட்டத்துல அப்பிடித்தான் இருந்துச்சு. பசறையில எங்க சார் யானை? இந்த ரோட்டுல ஒரு மாடு எதிர வந்தாலே ஒதுங்க எடமில்ல. காசு வாங்கிக்கிட்டு டை கட்டுன ஆளு ஒருத்தன் எழுதிக் குடுத்தது அது. மொனராகலையில எவனோ கல்குவாரி போட எழுதினத அப்பிடியே எடுத்து, ஊர் பேர மட்டும் மாத்தி எங்க மதினி கையில குடுத்துட்டான். யானை வேலி போடுவோம், மயிலுக்குக் காடு விடுவோம்னு இருக்கு. கருமம். நல்லவேள, மதினியோட மக சுஜீவா படிச்சுப் பாத்தா. இல்லாட்டி மானமே போயிருக்கும்.

ஆட்டோக் கம்பிய நல்லா புடிச்சுக்கங்க, இனி எல்லாம் வளைவுதான். உங்க லைசன் ஆபீஸு ஜீப்பு பழுதாகாம இருந்தாலும் இதுல ஏறியிருக்காது.

ஆமாங்க, லைசன் கேட்டு எழுதினது பொம்பளதான். றோசாலி மதினி, எங்க அண்ணன் சம்சாரம். தேயிலத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவங்க. அவங்களுக்கு எதுக்குக் குவாரின்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. ஆசைக்கா சார் கேட்டாங்க? மழையில மல சரிஞ்சப்ப மேலருந்து உருண்டு வந்த கல்லு அது. பாதி லயம், எங்க தோட்டத்து வீட்டு வரிசையில பாதி, அவ்வளவு பெருசு இருக்கும். போஞ்சி, கோவான்னு மரக்கறி போட்டிருந்த காணியில வந்து உக்காந்திருச்சு. நம்ம காணியில விழுந்த கல்லுதானே, ஒடைச்சுத் தள்ளுவோம்னா, மெஷினுக்கு நாங்க எங்க போறது? ஒடையுற சல்லிக்கல்ல நீயே எடுத்துக்க, ஒடைச்சுக் குடுன்னாத்தான் ஒருத்தன் வருவான். சல்லி வெளிய போனா அது குவாரியாம். குவாரின்னா லைசனாம். அப்பிடித்தான் சார் கொழுந்து பறிக்கிறவ குவாரிக்காரி ஆனா.

மொத வந்தான் ஒருத்தன், டவுன் ஆளு. வெள்ளச் சப்பாத்து போட்டுக்கிட்டு, சேறு படாம எட்டி எட்டி வச்சு கல்லச் சுத்திப் பாத்தான். அங்கங்க ஓட்ட போட்டு வெடி வச்சா ஒரே நாளுல தூளாக்கிருவேன் அக்கான்னான். மதினி, வெடி வேணாம்னாங்க. சிரிக்கிறான். கேள்விப்பட்டதே இல்லையாம். சேத்துத் தண்ணி எங்க போகும்னு கேட்டாங்க. ஓடையில விடுவோம், மழை கழுவிக்கிட்டுப் போயிரும்ங்கிறான். கீழ ரெண்டு லயமும் அந்த ஓடத் தண்ணியத்தான் சார் குடிக்கிது, பச்சப்புள்ளைங்க வரைக்கும். அவங்க வாயத் தொறக்காம இருக்க சோத்துப் பார்சலும் சாராயமும் குடுத்தாப் போதும்னு சொல்லிட்டுக் கண்ணடிக்கிறான். அவன் போனதும் மதினி அவன் டீ குடிச்ச கிளாஸக் கழுவக்கூட இல்ல. எடுத்துக் குப்பையில வீசுனாங்க. நல்ல கிளாஸு சார்.

பொறவு மதினி சொல்லச் சொல்ல சுஜீவா எழுதினா. இப்ப உங்க கையில இருக்கிறது அதுதான். சிரிக்காதீங்க சார். உங்காளுங்களும் சிரிச்சாங்க, குவாரி கேக்குறவ நாங்க கேக்காத கட்டுப்பாடெல்லாம் தானாப் போட்டுக்கிட்டு வாறான்னு. ஏன், போட்டா என்ன? வெடி கூடாது. மேலருந்து படி படியா ஓட்ட போட்டு, ஆப்பு எறக்கித்தான் பிளக்கணும். தூசி கெளம்பாம தண்ணி அடிக்கணும். தூத்தல் விழுந்தா வேலய நிப்பாட்டிரணும். ஓடைக்கு முன்னால குழி வெட்டி, சேறெல்லாம் அதுல தங்கி, தெளிஞ்ச தண்ணிதான் கீழ எறங்கணும். லொறி கீழ்ப்பக்கமா வரவே கூடாது. வேல முடிஞ்சதும் சரிவுல புல்லு நட்டு மண்ணக் கட்டணும். இதுல எது சார் பைத்தியக்காரத்தனம்?

கடைசிப் படியா? அது சரிதான், தப்பா எழுதல. அடியில வந்ததும் மெஷின் நிக்கணும். கையாலதான் எடுக்கணும். அங்க உள்ள மண்ணுல ஒரு கூடைகூட வெளிய போகக்கூடாது, சலிச்சு அங்கயே வைக்கணும்.

எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டது மொஹிதீன் நானா ஒருத்தருதான். சின்னதா கல்லு அரைக்கிற கிரஷர் வச்சிருக்காரு. நட்டம் வந்தாலும் பாத்துக்கிறேன் தங்கச்சி, அந்தக் கடைசிப் படிய எங்காளுங்களோட நானும் நின்னு கையால எடுக்கிறேன்னாரு. மனுசன்னா அவரு.

மத்ததெல்லாம் தூ! எனக்கு டவுன்காரன் மேலகூட அவ்வளவு இல்ல சார், அவன் பொழப்பு அது. எங்க லயத்துலயே கூடப் பொறந்த மாதிரி இருந்ததுங்க, ஒரே பீலியில தண்ணி புடிச்சதுங்க, அதுங்க பேசுறதத்தான் தாங்க முடியல. கோயில்ல பூசை முடிஞ்சு வரச்சே மதினி காதுல விழுற மாதிரி சொல்லுதுங்க. புருஷன் மேல கெடக்குற கல்லையே சல்லியாக்கி விக்கிறாளாம்.

ஆமா சார். மத்தேயு அண்ணன் அதுக்கு அடியிலதான் இருக்காரு. உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் வாறீங்கன்னு நெனச்சேனே.

காணியில மாட்டுக் கொட்டில் இருந்துச்சு. மழையில பசுவ அவுத்து விடப் போனாரு. பசு வந்துருச்சு. ஆமிக்காரங்க வந்து தேடுனாங்க, பாவம், அவங்களும் மனுசங்கதானே. மண்ணுல பொதைஞ்ச மத்தவங்க எல்லாரையும் எடுத்தாச்சு. இந்தக் கல்லு அசையல. மண்ணு இன்னும் எறங்குதுன்னு நிப்பாட்டிட்டாங்க. ஃபாதர் வந்து, கல்லு மேலயே சிலுவை நட்டு கல்லறையா மந்திரிச்சிருவோம்னாரு. மதினி விடல. அவர நான் கழுவிக் கட்டி, பொட்டியில வச்சுத்தான் அனுப்புவேன்னுட்டாங்க. வெடி வச்சா அதுல என்ன சார் மிஞ்சும்?

அத ஏன் லைசன் பேப்பர்ல எழுதலன்னா, மதினி எழுத வேணாம்னுட்டாங்க. பாவம் பாத்துக் குடுக்க வேணாம், சரியா இருந்தாக் குடுக்கட்டும்னாங்க. நீங்களும் கேக்காத மாதிரியே இருங்க.

எறங்குங்க சார், இதுக்கு மேல ஆட்டோ போகாது. அந்தா, குடை புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க பாருங்க, அவங்கதான். வழுக்கும், பாத்து வாங்க. ஐயோ, அந்தப் பக்கம் வேணாம் சார், சுத்திக்கிட்டு இப்பிடி வாங்க. அந்தப் பக்கம் நாங்க மிதிக்கிறதில்ல.